மாமி வீட்டு மெத்தைக்கு எறிந்த பந்து

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்த கையோடு மாமி வீட்டு வளவில் முழங்காலில் நிற்கிறேன். எதிரே இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கயிறு கட்டி, எங்கள் கலியாணத்துக்கென்று தைத்துத் தந்த பஞ்சு மெத்தையை அதில் தொங்கவிட்டிருக்கிறது. என் கையில் ஈர மணலை அடைத்து இறுக்கிக் கட்டிய துணிப் பந்து. பிஸ்மில்லாச் சொல்லி, இடுப்பைத் திருப்பி, மெத்தையின் நடு வயிற்றுக்கு ஒரு எறி.

தொம் என்றது. பஞ்சு பறந்து போய் முருங்கை இலையில் ஒட்டியது.

குசினி யன்னலில் மாமியின் முகம். புதுமாப்பிள்ளையோடு மாமிமார் நேரே கதைக்கிற வழக்கம் அப்போது இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்லுவா, எனக்குக் கேட்கிற சத்தத்தில்.

"புள்ள, ஒண்ட மாப்பிள்ளைக்கு மெத்தை சரிவரல்லியா?"

"அதுக்கில்ல உம்மா. அவர் பந்து பழகுறார்." இது ஹாஜரா, என் மனைவி. அவளுடைய கையில் மருதோன்றிச் சிவப்பு இன்னும் போகவில்லை.

"மெத்தைக்கு அடிக்கிறதா பந்து பழகுற? வாயத் திறந்து கேட்டா வேற ஒண்டு தைக்கச் சொல்லுவன்தானே. பஞ்சு கூடிப்போச்செண்டாலும் சொல்லட்டுமே."

மூன்றாம் நாள் மாமி, ஓதிப் பார்க்கிற லெவ்வையைக் கூட்டிவரச் சொல்லி மாமாவை அனுப்பிவிட்டா. லெவ்வை வந்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மகன், ஒங்களுக்கு இப்பிடி எறியோணும் எண்டு எந்த நேரத்தில தோணுது?"

"லத்தீப் மச்சான் தட்டி எழுப்புற நேரத்தில" என்றேன். ஹாஜராவின் காக்கா, அதாவது அண்ணன், அவர்தான் என்னைப் பழக்குகிறவர்.

அவர் தண்ணீரில் ஓதி ஊதித் தந்தார். எறிந்து களைத்த தாகம், ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டேன். "ஜின் புடிச்சவன் ரெண்டாம் கிளாஸ் கேக்கமாட்டான்" என்று மாமாவிடம் சொன்னார் லெவ்வை. ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு தின்றுவிட்டு, மெத்தையையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் ஆள்

போன கிழமை இதே பத்தியில் என் முதல் லொறியைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, பசாரில் ஒரு தம்பி என்னை மறித்தார். "ஹாஜியார், எல்லாத்தையும் நீங்கதான் முதல் செய்ததெண்டு எழுதுறீங்க. ஒண்டையாவது ரெண்டாவதாச் செய்யல்லியா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் இன்றைக்கு இரும்புக்கடையும் அரிசி ஆலையும் வைத்திருக்கிறேன் என்றால், அது யாருக்கும் பின்னால் போய்ச் செய்த வேலையா? ஆகவே இதையும் எழுதி வைக்கிறேன். அமெரிக்கன் முறையில் பயிற்சி எடுத்த முதல் வேகப்பந்துக்காரன் இந்தக் கரையில் நான்தான். எனக்கு முந்தி ஒருவர் இருந்தால் பத்திரிகைக்கு எழுதட்டும், பார்ப்போம்.

படிப்பை விட்டேன் என்றேன். நான் விட்டேனா, படிப்பு என்னை விட்டதா என்பது வேறு. எங்கள் பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாக வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். நான் வேலிக்கு வெளியே நின்று கல்லால் அதற்கு அடிப்பேன். டாங் என்று ஒரு சத்தம் கேட்டதும் முழுப் பள்ளிக்கூடமும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும். ஏன் பிள்ளைகள் இவ்வளவு கெதியாகப் போகிறார்கள் என்று பெரிய சேர் பல நாள் யோசித்துத்தான் ஆளைப் பிடித்தார். நல்ல மனிதர். எறிவதற்குத் தனியாக ஒரு பாடம் இருந்திருந்தால் என்னை வைத்திருப்பார்.

கட்சி மாறிய கதை

எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நான் பிறந்தது சாய்ந்தமருது. கலியாணம் முடித்தது கல்முனைக்குடி. உம்மா வீட்டிலிருந்து மாமி வீட்டுக்கு, பற்றவைத்த பீடி அணைவதற்குள் நடந்து போய்விடலாம். ஆனால் கிரிக்கெட்டில் அது வேறு நாடு. நேற்றுவரை சாய்ந்தமருதுக்குப் பந்து போட்டவன், நிக்காஹ் முடிந்தால் கல்முனைக்குடிக்குப் போட வேண்டும்.

அதனால் கலியாணம் பேசுகிற இடத்தில் கிளப்காரனும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். நல்ல விக்கெட் காப்பாளன் ஒருவன் கைதவறிப் போய்விடக் கூடாதென்று தங்கச்சியின் கலியாணத்தைக் கெதியாக்கிய ஆளை எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் கடைக்கு அடிக்க வருவார்.

என்னையும் அப்படித்தான் எடுத்தார்கள். ஹாஜராவின் காக்கா லத்தீப் சவூதியில் சமையல்காரர். லீவில் வந்தவர் எங்கள் சாய்ந்தமருது மைதானத்துக்கு வந்து நான் பந்து போடுவதைப் பார்த்திருக்கிறார். அன்று நான் போட்டது பந்தில்லை, துவக்குச் சூடு. அவர் நேரே வீட்டுக்குப் போய், "உம்மா, தங்கச்சிக்கு மாப்பிள்ளையக் கண்டுட்டன்" என்றிருக்கிறார். ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூட மாமிக்குச் சொல்லவில்லை. வேகத்தை மட்டும் சொன்னாராம்.

இங்கே ஒரு விசயம். அது கச்சான் காற்றுக் காலம். வயல் பக்கமிருந்து கடலுக்கு அடிக்கிற அந்தச் சுடுகாற்று வீட்டுக் கூரையையே கிளப்பும். எங்கள் மைதானத்தில் நான் கடலைப் பார்த்து ஓடிவந்து போடுவேன், காற்று முதுகில். பின்னேர வெயிலும் அடிக்கிறவனின் கண்ணில். வேகத்துக்குக் காரணம் காற்றும் வெயிலும்தான் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கல்முனைக்குடி மைதானத்தில் ஓடுவது வடக்குத் தெற்காக. கச்சானும் ஓய்ந்துவிட்டது. அதற்கு மேல், கலியாணம் முடிந்த நாள் தொட்டு மாமி எனக்கு இடியப்பமும் கோழியும் வட்டிலப்பமும் தீற்றிக்கொண்டிருந்தா. புதுக் கிளப்புக்கு முதல் நாள் நான் போட்ட பந்து அடிக்கிறவனிடம் போய்ச் சேர்வதற்குள் அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு அடித்தான்.

அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காத்து.

வெளியூர்க்காரருக்கு இதன் பயங்கரம் விளங்காது. எங்கள் ஊர்களில் பட்டப்பெயர் ஆளோடு மையவாடியில் புதைபடாது, பிள்ளைகளிடம் நிற்கும். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்குப் 'பழஞ்சோறு' என்று பெயர். யார் எப்போது அதைத் தின்றார் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது அந்த வீட்டில் ஒரு டொக்டர் இருக்கிறார். பழஞ்சோறு டொக்டர். எனக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை, அதற்குள் அது காத்துட பிள்ளை ஆகப் பார்க்கிறது.

"அடுத்த மேட்ச் ஒங்கட ஊரோடதான்" என்றார் லத்தீப் மச்சான். "அதில நீ காட்டினா இந்தப் பேரு போகும். இல்லாட்டி ஒனக்கு மட்டுமில்ல, காத்தைக் கூட்டி வந்தவன் எண்டு எனக்கும் ஒரு பேரு வரும்."

அமெரிக்கன் காலால் எறிகிறான்

மச்சான் வேலை செய்த இடம் அமெரிக்கர்கள் தங்கும் முகாம். அவர்கள் அங்கே பேஸ்போல் என்று ஒன்று விளையாடுவார்களாம். ஒருவன் எறிவானாம், ஒருவன் உருட்டுக் கட்டையால் அடிப்பானாம். எறிகிறவனுக்குத்தான் மரியாதை. அவனுக்கு மட்டும் தனிப் பயிற்சி, தனிச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது மச்சான். கோப்பை காலியாகும்வரை ஓரத்தில் நின்று அவர் பார்த்ததுதான் முழுக் கல்வியும். சவூதிப் பெட்டியில் சென்ட், கம்பளி, டேப் ரெக்கோடரோடு சிவப்பு நூலால் தைத்த வெள்ளைப் பந்து ஒன்றும், பிளந்த பலாக்காய் மாதிரி ஒரு தோல் கையுறையும் கொண்டு வந்திருந்தார்.

"மச்சான், நீ தோளால எறியிற. தோளால எறியிறவன் கூலிக்காரன். அமெரிக்கன் காலால எறியிறான்" என்றார் லத்தீப் மச்சான்.

"காலில பந்தை வெச்சா?"

"மொக்கன் மாதிரிக் கதைக்காத. நிலத்தைக் காலால உதைக்கிற. அது இடுப்புக்கு வரும். இடுப்பு திரும்பினா நெஞ்சுக்கு வரும். கடைசியாத்தான் கை. கை வாலு மாதிரி. மாடு வாலை யோசிச்சா ஆட்டுது?"

அதுதான் முழங்காலில் நின்ற காரணம். காலை மறந்தால்தான் இடுப்பு விழிக்குமாம். முதலில் மணல் பந்து, பாரமானது. அதை எறிந்து கை களைத்ததும் உடனே வெள்ளைப் பந்து. பாரத்துக்குப் பழகிய கைக்கு அது பஞ்சு போல இருக்கும், கை தன்பாட்டில் வேகமாக வரும். கேட்டால் பைத்தியம் மாதிரித்தான். செய்து பாருங்கள்.

பின்னேரம் கடற்கரை. கரைவலைக்காரரோடு சேர்ந்து கயிறு இழுக்க விட்டார், இடுப்புக்காம். சும்மா இழுக்க ஒருவன் கிடைத்தால் விடுவார்களா? "வாங்க மாப்பிள்ளை, நல்லா இழுங்க மாப்பிள்ளை" என்று என்னை முன்னுக்கு விட்டுவிட்டுப் பின்னால் நின்று பாடிக்கொண்டு வந்தார்கள். கூலியாக ஒரு கோர்வை மீன் தருவார்கள். மாமி அதைக் கண்டு அழுதா. "எங்கட மாப்பிள்ளைய வலை இழுக்க விட்டிரிக்கிறம் எண்டு ஊர் கதைக்குமே."

வலை முடிந்ததும் தூர எறி. மச்சான் கையுறையைப் போட்டுக்கொண்டு நிற்பார், நான் எறிவேன். அது நெஞ்சுக்கு நேரே போனால் அவர் பின்னால் போவார். ஒவ்வொரு நாளும் பின்னால், பின்னால். கடைசியில் அவர் அடுத்த மீன்வாடிக் கொட்டிலின் பக்கத்தில் ஒரு புள்ளி மாதிரித் தெரிந்தார். அந்தப் புள்ளி கையைத் தூக்கி ஆட்டினால் பந்து சேர்ந்துவிட்டதென்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வரும். காரணமில்லாமல் வரும். அந்த நாட்களில் நித்திரையால் எழும்பும்போதே சிரித்துக்கொண்டு எழும்பினேன் என்று ஹாஜரா சொல்லுவா.

மோட்டார் சைக்கிளோடு போட்டி

வேகத்தை எப்படி அளப்பது? அமெரிக்கனிடம் அதற்கு ஒரு மெசின் இருந்ததாம். எங்களிடம் மச்சானின் மோட்டார் சைக்கிள் இருந்தது.

கடற்கரை ரோட்டில் அவர் தூரத்திலிருந்து முறுக்கிக்கொண்டு வருவார். என்னைக் கடக்கிற அந்தக் கணத்தில் நான் ரோட்டோரமாக எறிய வேண்டும். அங்கால் நிற்கிற சாய்ந்த தென்னையை எது முதலில் கடக்கிறது, பந்தா சைக்கிளா? சனம் வேலியோடு வரிசையாக நின்றது. தொடக்கத்தில் சைக்கிள்தான் வென்றது. ஒருமுறை பந்து அவருடைய சாரனுக்குள் போய்விட்டது. சைக்கிளோடு வேலிக்குள் புகுந்து, ஒரு வீட்டின் ஆட்டுக் கொட்டிலில் போய் நின்றார். ஆட்டுக்கும் அவருக்கும் ஒரு காயமுமில்லை.

பிறகு ஒரு நாள் பந்து முந்தியது. அடுத்த நாளும் முந்தியது. அதற்கடுத்த நாள் மச்சான் உடம்பைக் குனித்து பெற்றோல் டாங்கியோடு ஒட்டிக்கொண்டு வந்தார், அப்படியும் முந்தியது. தேத்தண்ணிக் கடைக்காரன் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தான்.

கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று பார்த்த ஹாஜராதான் ஒரு சொல் சொன்னா. "இஞ்சாருங்க, முந்தி நீங்க போடக்குள்ள கை நிமிந்து சக்கரம் மாதிரிச் சுத்தும். இப்ப மாங்காய்க்கு எறியிற மாதிரியெல்லுவா இரிக்கி?"

"புள்ள, இது அமெரிக்கன் முறை. நீ உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணிய ஊத்து" என்றார் மச்சான்.

மோட்டார் சைக்கிளை முந்துகிற மனிதனுக்கு முழங்கையைப் பார்க்க எங்கே நேரம்?

கால் ஒழுங்கு

மேட்ச் நாள். கல்முனைக்குடி மைதானத்தில் கயிற்றுப் பாய் விரித்து நாலு பக்கமும் ஆணி அடித்தாயிற்று. இரண்டு ஊரும் ஒத்துக்கொள்கிற நடுவர் இரண்டு ஊரிலும் இருக்கமாட்டார் என்பதால், கல்முனையிலிருந்து ஒரு மெதடிஸ்ட் மாஸ்டரைக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளைக் களிசான், வெள்ளைத் தொப்பி, சிரிக்காத முகம்.

முதலில் எங்கள் ஆட்கள், அதாவது புது ஊர் ஆட்கள், அடித்தார்கள். பிறகு சாய்ந்தமருது இறங்கியது. புதுப் பந்து என் கையில். மாமா கூடக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடி வந்தேன். நிலத்தை உதைத்தேன். இடுப்பு, நெஞ்சு, வால்.

அடிக்கிறவன் மட்டையை இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குப் பின்னால் நடுக் கட்டை பறந்து போய் விக்கெட் காப்பாளரின் காலடியில் விழுந்தது. மைதானமே எழும்பிவிட்டது. நானும் எங்கள் தலைவரைத் தூக்கப் போனேன். மாஸ்டரைப் பார்த்தால், மனிதர் ஒரு கையைச் சிலுவைபோல நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நோ போல்."

"ஏன் மாஸ்டர், கால் கோட்டுக்கு உள்ளதானே?"

"கால் ஒழுங்கு, தம்பி. கைதான் களவெடுக்குது."

கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனின் முழங்கை மடங்கி நிமிரக் கூடாது. மடங்கினால் அது போடுவதில்லை, எறிவது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள் சத்தத்தில் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

மச்சான் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டார். "மாஸ்டர், அமெரிக்காவில இப்பிடித்தான் எறியிற."

"அமெரிக்காவில மேட்ச் வைக்கிற நாளைக்குச் சொல்லுங்கோ, அங்க வந்து பாக்கிறன். இது கல்முனை. வெளியில போங்கோ."

அடுத்த பந்தை நிமிர்ந்த கையால் போடப் பார்த்தேன். கைக்கு அந்த வழி மறந்துவிட்டது. பந்து எல்லோருடைய தலைக்கு மேலாலும் போய் ஐஸ்பழக்காரனின் பெட்டியில் விழுந்தது. அதற்கடுத்தது மறுபடி மடங்கியது, மறுபடி சிலுவை. எங்கள் தலைவர் வந்து என் கையிலிருந்து பந்தை வாங்கினார், பிள்ளையிடமிருந்து கத்தியை வாங்குவது போல.

"கடல் பக்கத்து மூலையில நில்லுங்க மாப்பிள்ளை. அங்க பந்து வராது."

கடல் பக்கத்து மூலை

அந்த மூலையில்தான் சாய்ந்தமருதுச் சனம் உட்கார்ந்திருந்தது. என்னோடு வளர்ந்தவர்கள்.

"புதுமாப்பிள்ளைய வெயில்ல நிப்பாட்டாதீங்கடா, ஒரு கதிரை குடுங்க."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"இவரைக் குடுத்ததுக்குச் சீதனம் நாங்கதான் குடுத்திருக்கோணும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் மாமா கதிரையை மடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மேட்ச் இழுபட்டு இழுபட்டுக் கடைசி விக்கெட்டுக்கு வந்தது. சாய்ந்தமருதுக்கு நாலு ஓட்டம் தேவை. நிற்கிறது என் சொந்தக் காக்கா, உம்மாவின் மூத்த மகன். மற்றப் பக்கம் நிற்கிறவனுக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே சந்தேகம். அவனை அடிக்க விடாமல் காக்காவே எல்லாப் பந்தையும் அடிக்கப் பார்க்கிறார்.

ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். அது என் மூலைக்கு வந்தது, மணலில் விழுந்து சுணங்கியது. ஒன்று ஓடினார்கள். இரண்டாவது ஓடினால்தான் காக்கா மறுபடி அடிக்க நிற்கலாம். அவர் ஒருமுறை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நின்ற தூரத்தைப் பார்த்தார்.

"ஓடு" என்று கத்தினார். "விடிய வெள்ளாப்பில எறிஞ்சாலும் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வரும்."

பந்தை எடுத்தேன். அவ்வளவு தூரத்தில் மூன்று கட்டையும் ஒரு ஈர்க்கு மாதிரித் தெரிந்தது. எனக்கு அது கட்டையாகத் தெரியவில்லை, அடுத்த வாடியடியில் கையுறையோடு நிற்கிற மச்சானாகத் தெரிந்தது. உதைத்தேன். இடுப்பு திரும்பியது. முழங்கை தன் இஷ்டத்துக்கு மடங்கி நிமிர்ந்தது.

பந்து ஒருவரிடமும் கேட்கவில்லை. நிலத்தில் முட்டாமல் நேரே போனது. காக்கா மட்டையை நீட்டிக்கொண்டு வருகிறார், கோட்டுக்கு இன்னும் ஒரு சாண். டக் என்று ஒரு சத்தம், கட்டை மல்லாந்தது.

மாஸ்டர் விரலைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. என்னை யாரோ தூக்கினார்கள், ஒரு செருப்பு போய்விட்டது, மாமா மடித்த கதிரையோடு ஓடி வந்தார். லத்தீப் மச்சான் மட்டும் மாஸ்டரின் முன்னால் போய் நின்றார்.

"இப்பயும் முழங்கை மடங்கினதுதானே மாஸ்டர். கண்டயளா?"

"கண்டன். எறியிறதெண்டா எப்படியும் எறியலாம். போடுறதுக்குத்தான் சட்டம்." பிறகு தொப்பியைக் கழற்றி, "எங்க பழகினது?" என்று கேட்டார்.

"மெத்தையில" என்றார் மச்சான்.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் நான் நுழைந்ததும் ஒருவன் எழும்பி இடம் விட்டான். "முழங்கைக்கு ஒரு பிளேன்டீ" என்று உள்ளே சொன்னான். அன்றோடு காத்து போய்விட்டது. இன்றைக்கும் கல்முனை பசாரில் முழங்கைட கடை என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். என் மகள் ஆசிரியை, முழங்கைட மகள். அவளுக்கு அது பெருமையில்லை என்று சொல்லுவாள், நம்ப வேண்டாம்.

மேட்ச் முடிந்த அன்று காக்காவை மாமி விடவில்லை. மாப்பிள்ளையின் காக்கா ஊருக்குள் வந்துவிட்டுச் சாப்பிடாமல் போவதா? தோற்ற மனிதர் கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பாயில் இருந்து கோழிக் கறியைப் பிசைந்தார். திரைக்குப் பின்னாலிருந்து மாமி, "புள்ள, அவருக்கு இன்னும் ஒரு துண்டு வை" என்று சொல்லிக்கொண்டேயிருந்தா. தட்டு காலியானது, வட்டிலப்பமும் காலியானது. கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார்.

"உம்மாக்கிட்டச் சொல்லோணும்."

"என்னத்தைக் காக்கா?"

"சின்னவனுக்குப் பொம்புளை பாக்கக்குள்ள ஊருக்குள்ளயே பாக்கச் சொல்லி."

சொன்னபடியே செய்தார்கள். எங்கள் கடைசித் தம்பிக்கு உம்மா வீட்டிலிருந்து மூன்றாவது வளவில் பொம்பிளை எடுத்தார்கள். அவன் தன் வாழ்நாளில் ஒரு பந்தை ஒழுங்காகப் பிடித்தவனில்லை.